அலுமினிய ரோட் பைக், கையில் 800 வெள்ளி: எதை முதல்ல மாத்துறது? (பீடோர் – தாப்பா – ரிங்லெட், மலேசியா)

செம்மண்ரோடு:
வணக்கம் எல்லாருக்கும். பழைய கை மாறிய அலுமினிய ரோட் பைக், 6061 பிரேம், ரிம் பிரேக். ஷிமானோ கிளாரிஸ் ஆர்2000, 8 ஸ்பீடு. முன்னால 50/34 பல், பின்னால 11-28 பல். டயர் 25 மில்லிமீட்டர், டியூப் போட்டது. என் எடை 70 கிலோ. வார நாள்ல பீடோரைச் சுத்தி செம்பனைத் தோட்டத்துத் தார்ச்சாலை, ஞாயித்துக்கிழமை பழைய ஒன்றாம் எண் கூட்டரசு சாலையில தாப்பா போயி, அங்கிருந்து 59-ம் எண் சாலையில ரிங்லெட் பக்கம் ஏத்தம். தோட்டச்சாலையில கை மரத்துப்போகுது, ஏத்தத்துல 34-28 (முன்னால 34, பின்னால 28) போதல. பட்ஜெட் 800 வெள்ளி. எல்லாரும் "கார்பன் வீல் வாங்கு, இல்லாட்டி பிரேமையே மாத்து"ங்கிறாங்க. எதை முதல்ல செய்யலாம் அண்ணன்மாரே?

பால்மரம்59:
தம்பி, பிரேமைத் தொடாதே. அலுமினியம்னா உடம்பை உதறிடும்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் 23 டயர்ல 110 பி.எஸ்.ஐ. (காத்தழுத்த அளவு) அடிச்சு ஓட்டின காலத்துக் கதையைச் சொல்றாங்க. 1998-ல மார்க்கோ பந்தானி டூர் தெ பிரான்ஸ் ஜெயிச்சது அலுமினிய பியாங்கியிலதான். உன் கை மரத்துப்போக முதல் காரணம் காத்து, ரெண்டாவது டயர் அகலம், மூணாவது சீட் முன்பக்கம் சாஞ்சிருக்கிறது. கார்பன், அலுமினியம் எல்லாம் அப்புறம்.

28 டயர் போடு. டயர் ஓரத்துல அச்சடிச்சிருக்கிற மேல் அளவு உனக்குச் சொன்னதில்ல, டயர் தாங்குற எல்லை. 70 கிலோ ஆளுக்கு 28-ல டியூபோட முன்னால 62, பின்னால 68-ல ஆரம்பி. மழை நாள்ல ரெண்டுலயும் 5 குறை. பள்ளத்துல ரிம் "டக்"குனு இடிச்சா 3 கூட்டு. அடிக்கிற பம்புல மீட்டர் இருக்கணும். மோட்டார் கடையில அழுத்திப் பாத்து அடிச்சா 15 பி.எஸ்.ஐ. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போயிடும், அந்த 15-தான் உன் கை மரத்துப்போறதுக்குக் காரணம்.

அடுத்தது கேசட், அதாவது பின் வீல் பல்சக்கரக் கொத்து. 34-28-ல நிமிஷத்துக்கு 60 மிதி மிதிச்சா மணிக்கு ஏறத்தாழ 9.3 கிலோமீட்டர். அதுக்குக் கீழ வேகம் விழுந்தா முட்டியால தள்ளுற நிலைமை. 34-34 போட்டா அதே 60 மிதிக்கு 7.7. தாப்பாவிலிருந்து ரிங்லெட் சுமார் 45 கிலோமீட்டர், மேல போய்ச் சேர்ற இடம் 1,100 மீட்டர் உயரம். சராசரிச் சரிவைப் பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் தெரியும். ஆனா லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி தாண்டின பிறகும் பாதை முடியாது. செங்குத்து அடிக்கிற சாலை இல்ல அது, நேரம் தின்னுற சாலை. அங்க தேவை சின்ன கியர்.

கார்பன் வீல் கணக்கையும் பாத்துடு. நீயும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோன்னா, 1 கிலோ குறைச்சா ஏத்தத்துல நூத்துக்கு ஒண்ணேகால் பங்கு மிச்சம். ரெண்டு மணி நேர ஏத்தத்துல ஒன்றரை நிமிஷம். அதுக்கு ஆயிரக்கணக்குல வெள்ளி. இறங்குறப்போ மழையில கார்பன் ரிம் பிரேக் பிடிக்கிறது அலுமினிய ரிம்மை விட மோசம், அது தனிக் கதை.

கியர்_கங்காணி:
மேல சொன்னவருக்கு ஒத்துப்போறேன், ஆனா "கேசட் மாத்து"ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டாரு. அங்கதான் காசு வீணாகும்.

முதல்ல பின் டிரெய்லியர், அதாவது கேசட்ல செயினை நகர்த்துற உறுப்பு, நாம ஆர்.டி.ன்னு சொல்றது, எந்தக் கூண்டுன்னு பாருங்க. ஆர்2000-ல ரெண்டு வகை: எஸ்.எஸ். குட்டை, ஜி.எஸ். நடுத்தரம். கூண்டோட உள்பக்கம் எழுத்து இருக்கும். அழுக்குல தெரியலைன்னா ரெண்டு குட்டிப் பல்சக்கரத்தோட மையத்துக்கு மையம் அளங்க. 55 மில்லிமீட்டர் பக்கம்னா எஸ்.எஸ்., 75 பக்கம்னா ஜி.எஸ். ஜி.எஸ்.னா 34 பல் தாங்கும். எஸ்.எஸ்.னா கேசட்டோட ஆர்.டி.யும் சேர்த்து வாங்கணும். கடைக்காரர் "ஓடும் லா"ன்னு சொன்னாலும் நம்பாதீங்க. ஓடும், பெரிய பல்லுல சரக் சரக்னு உரசிக்கிட்டு.

பழைய செயின் நீளம் பத்தாது. புது 8 ஸ்பீடு செயினை முன்னால 50, பின்னால 34 மேல சுத்திப் போடுங்க, ஆர்.டி. வழியா விடாம. ரெண்டு முனையும் சேர்ற இடத்திலிருந்து ரெண்டு கண்ணி கூட்டி வெட்டுங்க. நீளமா விட்டா 34-11-ல தொங்கும், அது தொல்லை மட்டும்தான். குட்டையா வெட்டிட்டு ஏத்தத்துல பதட்டத்துல 50-34-க்குத் தள்ளினா, ஆர்.டி.யைப் பிச்சு ஸ்போக்குக்குள்ள போட்டுடும். அலுமினிய பிரேம்ல ஆர்.டி.யைத் தாங்குற ஹேங்கர் தனியாக் கழறதா இருந்தா அது வளையும், பிரேம் தப்பிச்சுக்கும். அந்த ஹேங்கர் ஒண்ணு கூடுதலா வாங்கி சீட்டுக்கு அடியில போட்டு வைங்க. ஒவ்வொரு பிரேமுக்கும் வடிவம் வேற, தாப்பாவுல தேடினா கிடைக்காது.

ஆர்.டி.யில இருக்கிற பி ஸ்குரூவை முறுக்கி, மேல் குட்டிச் சக்கரத்துக்கும் 34 பல்லுக்கும் நடுவுல 5, 6 மில்லிமீட்டர் இடம் விடுங்க. கேசட் லாக்ரிங் 40 நியூட்டன் மீட்டர். கையால "இறுகிடுச்சு"ன்னு தோணுற இடத்துல பாதிகூட வந்திருக்காது.

செயின் தேய்மானத்துக்கு இரும்பு ஸ்கேல் போதும். 24 ஊசி இடைவெளி புதுசுல 304.8 மில்லிமீட்டர். 8 ஸ்பீடுல 307-ஐத் தொட்டா மாத்திடுங்க. தள்ளிப் போட்டா அடுத்த செயின் பழைய கேசட்ல வழுக்கும், அப்போ ரெண்டும் போச்சு.

மழைக்கார்_தாப்பா:
கியர் பத்திப் பேசிட்டீங்க, பிரேக்கை யாரும் தொடல. ஏறுனவன் இறங்கணுமே. 59-ல காய்கறி லோரிக பின்னால வரும், வளைவு கண்ணை மறைக்கும், மத்தியானம் மூணு மணிக்கு மேல மழை. காலையில பசியாறிட்டு இருட்டு விலகினதும் கிளம்பி, மழைக்கு முன்னாடி தாப்பா திரும்பிடறதுதான் கணக்கு.

முழுக் காலிப்பரும் (ரிம்மைக் கவ்வுற பிரேக் கிடுக்கி) மாத்த வேண்டாம். ஒரே துண்டா வார்த்த பிரேக் கட்டையை எடுத்துட்டு, ரப்பர் மட்டும் உருவி மாத்துற வகை கட்டைச் செட் ஒண்ணு போடுங்க. உள்கேபிள் 1.6, வெளிக்குழாய் 5 மில்லிமீட்டர், புதுசா. மிச்சமிருக்குன்னு 4 மில்லிமீட்டர் கியர் குழாயைப் பிரேக்குக்கு வெட்டிப் போடுறவங்க இருக்காங்க. அதுக்குள்ள கம்பி நீளவாக்குல படுத்திருக்கும், சுருளா இல்ல. இறக்கத்துல முழு பலத்தோட அழுத்துனா குழாய் ஓரத்துல பிளந்துடும், லீவர் ஹேண்டில்பாரைத் தொடும். அந்த நேரத்துல வேற வழியில்ல.

பிரேக் கட்டையை மாசம் ஒரு தடவை கழட்டி வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. கறுப்பு ரப்பர்ல மீன் செதில் மாதிரி வெள்ளைப் பொடிசுக மின்னும். அது ரிம்மோட அலுமினியம். மழையில மணல் ஒட்டி, மணல் ரிம்மைச் சுரண்டி, சுரண்டினது கட்டையில புதைஞ்சு, புதைஞ்சது மறுபடி ரிம்மைச் சுரண்டும். ஊசி முனையால ஒவ்வொண்ணாக் குத்தி எடுத்துட்டு, உப்புத்தாளால மேல்தோலை ரெண்டு இழுப்பு இழுங்க. "கீச்"சும் போகும், ரிம்மும் பிழைக்கும். ரிம் பக்கவாட்டுல குழிப்புள்ளியோ கோடோ இருக்கும், தேய்மானக் குறி. அது மறைஞ்சிட்டா ரிம் ஆயுசு முடிஞ்சது.

28 டயர் விஷயத்துல ஒரு நிபந்தனை. பழைய பிரேம், பழைய காலிப்பர், எல்லாத்துலயும் 28 நுழையாது. சுத்தி 4 மில்லிமீட்டர் இடமாவது வேணும். 25-லிருந்து 28-க்குப் போனா டயர் உயரத்துல சுமார் 3 ஏறும், பக்கத்துக்கு ஒன்றரை. அதனால இப்போ இருக்கிற டயர்ல காலிப்பருக்கு அடியில 7, செயின்ஸ்டேல (பின் வீலுக்கு ரெண்டு பக்கமும் போற கீழ்க் குழாய்) பக்கத்துக்கு 5.5 இருந்தா வாங்குங்க. அலன் கீயையே அளவுகோலா வச்சுக்கலாம், அதுலதான் எண் போட்டிருக்கே.

பால்மரம்59:
முள் விஷயம் விட்டுப்போச்சு. செம்பனை மட்டைக் காம்பு முள்ளு சன்னமா டயர்ல முறிஞ்சு நிக்கும். டியூப் மாத்துறவன் அதைத் தேடாம புது டியூப் போட்டு, ரெண்டு கிலோமீட்டர்ல மறுபடி உக்காருவான். டியூப்ல ஓட்டை எங்கேன்னு வால்விலிருந்து தூரம் பாத்து, டயர்ல அதே இடத்தை உள்ளே பஞ்சால தடவு. பஞ்சு மாட்டுற இடத்துல முள்ளு. விரலால தடவாதே. டயர் ஓரம் கிழிஞ்சிருந்தா உள்ளே ஒரு வெள்ளி நோட்டை மடிச்சு வை. நம்ம ஒரு வெள்ளி நோட்டு பாலிமர், தண்ணியில ஊறாது, வீடு வரைக்கும் தாங்கும்.

லேட்டக்ஸ் டியூப் பத்திக் கேப்பே. சுகமா ஓடும், நம்ம மரத்துப் பால் ஆச்சே. ஆனா ராத்திரியோட காத்து இறங்கிடும், ஒவ்வொரு காலையும் அடிக்கணும். வார நாளைக்குச் சாதா பியூட்டில் போதும்.

ஆலைக்கு லோரி போற பாதையில உதிரிப்பழம் நசுங்கிக் கிடக்கிற திருப்பத்துல, மழை தூறினா சைக்கிளைச் சாய்க்காதே. எண்ணெய்தானே அது.

பழைய_பி.பி:
பழைய கை மாறின அலுமினிய வண்டின்னு சொன்னதால இது. 800 வெள்ளி செலவழிக்கிறதுக்கு முன்னாடி பிரேம் நல்லா இருக்கான்னு பாருங்க. அலுமினியம் சோர்வைச் சேத்துக்கிட்டே போற உலோகம், திடீர்னு விடும். சோப்பு போட்டுத் துடைச்சு, கைவிளக்கைச் சாய்ச்சுப் பிடிச்சு, தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேர்ற வெல்டு, பி.பி.யை (மிதிகட்டை அச்சு சுத்துற இடம்) சுத்தி, சீட் கிளாம்புக்குக் கீழ இருக்கிற வெட்டு, பின் அச்சு உக்கார்ற இடம், நாலையும் பாருங்க. பெயிண்ட்ல முடி மாதிரி கோடு, அதுல கறுப்பு அழுக்கு இறங்கியிருந்தா நகத்தால நெருடுங்க. நகம் மாட்டினா ஓட்டாதீங்க. வெல்டு போட்டுத் தர்றேன்னு எவனாவது சொன்னா வேண்டாம். 6061-ஐ வெல்டு பண்ணினா அந்த இடம் மெத்தென்று ஆயிடும், திரும்பச் சூளையில போட்டுப் பதப்படுத்தணும். கேட் அடிக்கிற பட்டறையில சூளை கிடையாது.

பார்டேப்பை உரிச்சுப் பாருங்க. நம்ம ஊர் வேர்வையில டேப்புக்கு அடியில ஹேண்டில்பார் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். துடைச்சதும் போனா பரவாயில்ல, குழி விழுந்திருந்தா பார் மாத்தணும். டேப் உரிச்ச கையோட கியர் உள்கேபிளையும் மாத்திடுங்க. ஷிஃப்டருக்குள்ள தலை ஓரத்துலதான் நார் பிரியும், அறுந்து உள்ளே மாட்டினா தோண்டி எடுக்கிறதுக்குள்ள ஞாயித்துக்கிழமை போயிடும்.

சீட்போஸ்ட்டை வருஷத்துல ரெண்டு தடவை முழுசா உருவி, துடைச்சு, கிரீஸ் தடவிப் போடுங்க. அலுமினியத்துக்குள்ள அலுமினியம் இறுகிடும். கார்பன் போஸ்ட் போட்டா கிரீஸ் கிடையாது, மணல் கலந்த கார்பன் பேஸ்ட், 5 நியூட்டன் மீட்டர். நல்ல மழையில ஓட்டினா போஸ்ட்டை எடுத்துட்டு பிரேமைத் தலைகீழா நிறுத்துங்க, ஒரு குவளை தண்ணி வந்தாலும் வரும்.

பி.பி.யில கடமுட சத்தம்னு கழட்டப் போனா, வலது கப் இடது மரை. கடிகாரம் சுத்துற பக்கம் திருப்பினாத்தான் கழறும். இது தெரியாம ரெண்டு பேர் சேர்ந்து குழாய் மாட்டித் திருகி, பிரேம் மரையைத் தின்ன வச்ச வண்டி எல்லா ஊர்லயும் ஒண்ணு கிடக்கும்.

செம்மண்ரோடு:
ரொம்ப நன்றி அண்ணன்மாரே. விளக்கு வச்சுப் பாத்தேன், வெடிப்பு இல்ல. ஆர்.டி. ஜி.எஸ். காலிப்பருக்கு அடியில 8 இருக்கு. ஆனா செயின்ஸ்டேல இடது 6.5, வலது 5 மில்லிமீட்டர். பிரேம் கோணலா?

பழைய_பி.பி:
அவசரப்படாதீங்க. வீலைக் கழட்டி இடவலம் மாத்தி மாட்டுங்க, கேசட் இடப்பக்கம் வர்ற மாதிரி. செயினைத் தொங்க விடுங்க. அச்சு ரெண்டு பக்கமும் குழிக்குள்ள அடிவரை உக்காரணும். மறுபடி அளங்க. குறுகின பக்கம் வலதுலயே நின்னா பிரேம். இடதுக்கு மாறினா வீல்.

செம்மண்ரோடு:
மாத்தி மாட்டினேன். இப்போ இடது 5, வலது 6.5.

பழைய_பி.பி:
அப்போ வீல்தான், பிரேம் நேரா இருக்கு. ரிம் நடுவிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் கேசட் பக்கம் விலகியிருக்கு. வீலைச் சரியான பக்கம் திருப்பி மாட்டி, இடது ஸ்போக்குகளை மட்டும் வால்விலிருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணும் கால் சுற்று முறுக்குங்க. நிப்பிள்ல முதல்ல ஒரு துளி எண்ணெய். ஒரு சுத்து முடிஞ்சதும் அளங்க, பத்தலைன்னா இன்னொரு கால் சுற்று. ரெண்டு பக்கமும் 5.75 வந்ததும் நிறுத்துங்க. அதுல 28 போட்டா 4.25 மிஞ்சும்.

கியர்_கங்காணி:
ஜி.எஸ். இருந்தா ஆர்.டி. காசு மிச்சம். டயர் ரெண்டு, 11-34, செயின், பிரேக் கட்டை, கேபிள் செட், ஹேங்கர், இந்த வரிசையில வாங்குங்க. மீதி இருந்தா மீட்டர் வச்ச பம்ப்.

மழைக்கார்_தாப்பா:
பின்னால சிவப்பு விளக்கு. பகல்லயும் எரியணும். பம்புக்கு முன்னாடி அது.