குசாட்சு வெந்நீரும் என் வெள்ளி அரைஞாணும்

ரியோகானில், அதாவது ஜப்பானியப் பாரம்பரிய விடுதியில், தங்கிவிட்டு வந்தேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "குளிக்கிற இடத்தில் ஒட்டுத்துணி இல்லாமல் இறங்கணுமாமே, நிஜமா?" நிஜம்தான். ஆனால் நான் முழுக்க ஒன்றுமில்லாமல் இறங்கவில்லை. இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தது. வினையே அதனால்தான் வந்தது.

நாங்கள் போனது குன்மா மாகாணத்தில் உள்ள குசாட்சு என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு. நான் டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், பிப்ரவரி மாதம். டோக்கியோவின் உயெனோ நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் நகானோஹாரா-குசாட்சுகுச்சி நிலையம் வரை சுமார் இரண்டரை மணி நேரம். அப்புறம் மலைப்பாதையில் பேருந்து, 25 நிமிடம். ஊர் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பேருந்திலிருந்து இறங்கியதுமே கந்தக வாடை மூக்கில் ஏறியது. எனக்கு அது தீபாவளிக்கு மறுநாள் மழையில் நனைந்த தெருவை ஞாபகப்படுத்தியது. மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "அழுகின முட்டை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஊருக்கு நடுவில் யுபாட்டாக்கே. 'வெந்நீர் வயல்' என்று அர்த்தம். ஊற்றிலிருந்து கொதிப்பாக வரும் தண்ணீரை வரிசையாகப் போட்ட மரக் கால்வாய்களில் ஓடவிட்டு ஆறவைக்கிறார்கள். பச்சைத் தண்ணீர் கலந்தால் ஊற்று நீரின் சத்து குறைந்துவிடும் என்பதால் அதைத் தொடுவதில்லை. அந்தக் காலத்தில் குளியல் தொட்டியிலேயே ஆளுயரப் பலகைகளைவிட்டுக் கிளறி ஆற்றுவார்களாம். இன்றும் ஒரு மண்டபத்தில் பெண்கள் பாடிக்கொண்டே அதைச் செய்து காட்டுகிறார்கள். பெயர் யுமோமி. டபராவில் காபி ஆற்றுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்தத் தண்ணீரின் பிஎச் அளவு 2-ஐ ஒட்டி இருக்கிறது. கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. கீழே பாயும் ஆறு இந்த அமிலத்தால் மீனில்லாத ஆறாகக் கிடந்தது. இரும்பும் கான்கிரீட்டும்கூட அதில் தாங்காது. 1964-லிருந்து ஆற்றில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி அமிலத்தை முறிக்கிறார்கள். இதையெல்லாம் ரயிலிலேயே படித்து மனைவிக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தேன். இரும்பைத் தின்கிற தண்ணீர் வெள்ளியை என்ன செய்யும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

ரியோகானில் மூன்று மணிக்கு உள்ளே விட்டார்கள். வாசலிலேயே செருப்பு போய்விட்டது. வராந்தாவுக்கு ஒரு ஸ்லிப்பர், தத்தாமி பாய்க்கு வெறும் கால், கழிப்பறைக்குத் தனி ஸ்லிப்பர். கழிப்பறை ஸ்லிப்பரோடு நான் இரண்டு முறை வராந்தாவுக்கு வந்துவிட்டேன், விடுங்கள். எங்கள் அறையைக் கவனித்துக்கொண்ட நகாய்-சானுக்கு, அதாவது விடுதிப் பணிப்பெண்ணுக்கு, அறுபது வயது தாண்டியிருக்கும். முழங்காலிட்டு உட்கார்ந்து தேநீர் ஊற்றினார், கூடவே ஆளுக்கொரு மன்ஜூ. வெறும் வயிற்றோடு வெந்நீரில் இறங்கினால் மயக்கம் வரும், அதற்குத்தான் இந்த இனிப்பு என்றார். யுகாத்தா என்ற பருத்தி அங்கியை உடுத்திக்கொண்டு நான் வெளியே வந்ததும் அவர் பதறிப்போய் எழுந்தார். வலதுபக்கத் துணியை மேலே போட்டுக் கட்டியிருந்தேன். அது இறந்தவர்களுக்குக் கட்டும் முறையாம். அவரே பிரித்து, இடதுபக்கம் மேலே வரும்படி சரியாகக் கட்டிவிட்டார்.

சரி, குளியலறை. ஆண்கள் பக்கம் நீலத் திரை. கூடையில் யுகாத்தாவைப் போட்டுவிட்டுக் கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டோடு உள்ளே போக வேண்டும். குட்டி முக்காலியில் உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்து, நுரையெல்லாம் போன பிறகுதான் தொட்டியில் இறங்கலாம். தொட்டி அழுக்கைக் கழுவுவதற்கு இல்லை, ஊறுவதற்கு. துண்டும் தண்ணீரில் படக்கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள். கூச்சமெல்லாம் ஐந்து நிமிடம்தான். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அதைவிடப் பெரிய வேதனை, அன்று காலை நான் சவரம் செய்துகொண்டு போனது. அந்தத் தண்ணீர் கன்னத்தில் பட்டதும் மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி எரிந்தது. போகிறவர்கள் தயவுசெய்து ஒருநாள் தாடியோடு போங்கள்.

வெளித்தொட்டியில் பனி விழுந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு பெரியவர் கழுத்துவரை முங்கி உட்கார்ந்திருந்தார். யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்றேன் அல்லவா? இவர் பார்த்தார். நான் படியில் கால் வைத்ததும் என் இடுப்பைக் காட்டி, "கின் தெஸ் கா?" என்றார்.

எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி மளிகைக்கடை அளவுதான். ஆனால் 'கின்' தெரியும், தங்கம். தங்கமா என்று கேட்கிறார். "இயே, இயே", இல்லை இல்லை என்று வேகமாகத் தலையாட்டினேன். இடுப்பில் தங்கம் கட்டிக்கொண்டு குளிக்க வருகிற ஆள் என்று நினைத்துவிடப் போகிறாரே என்ற பதற்றம். பெரியவர் "ஆ, சோ", அப்படியா, என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். நானும் இறங்கி அரைமணி நேரம் சுகமாக ஊறினேன்.

சாப்பாடு ஆறரைக்கு. மனைவி மீன், மாமிசம் சாப்பிட மாட்டாள். ஒருவாரம் முன்பே எழுதியிருந்தோம். ஜப்பானியச் சமையலில் எதிலும் நுழைந்துவிடும் காய்ந்த மீன் சாறும் வேண்டாம் என்று சேர்த்தே எழுதியிருந்தோம். அவளுக்கென்று கடற்பாசியும் காளானும் போட்டுத் தனியாகச் சாறு வைத்திருந்தார்கள். குன்மா மாகாணம் கொன்யாக்கு என்ற கிழங்குப் பண்டத்துக்குப் பேர்போனது. அதை மீன் துண்டம் மாதிரியே மெல்லியதாகச் சீவி வைத்திருந்தார்கள். ருசி என்று பெரிதாக ஒன்றுமில்லை, வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அவள் ரசித்துத்தான் சாப்பிட்டாள். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு 24,000 யென். வருடத்துக்கு ஒருமுறை போதும். முன்கூட்டிச் சொல்லாமல் அங்கே போய் "நாங்கள் சைவம்" என்று நிற்காதீர்கள், சமையல்காரர் பாவம்.

சாப்பிட்டுத் திரும்பும்போது அறையில் மேசை ஓரமாகப் போய், ஃபுத்தோன் மெத்தை விரித்திருந்தது. படுக்கும்போது என் யுகாத்தா வழக்கம்போல அவிழ்ந்தது. மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, அரைஞாணை எப்போ கழட்டினீங்க? இது என்ன கறுப்புக் கயிறு?"

குனிந்து பார்த்தேன். கயிறு இல்லை, அதே கொடிதான். கரிச்சட்டியில் போட்டு எடுத்தது மாதிரி கருகருவென்று இருந்தது. அடுத்த நொடி அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். கொலுசைக் குளிக்கப் போகும் முன்பே கழற்றி வைத்திருந்தாள், தப்பித்தது. மெட்டி இரண்டும் கறுப்பு. பெண்கள் பக்கத்தில் ஒரு பாட்டி அவள் கால்விரலைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாராம். அழகாயிருக்கிறது என்கிறார் என்று நினைத்து இவள் குனிந்து குனிந்து நன்றி சொல்லியிருக்கிறாள்.

கைப்பேசியில் தேடியபோதுதான் புரிந்தது. ஜப்பானிய மொழியில் தங்கமும் கின், வெள்ளியும் கின். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. கண்ணனில் வரும் 'க' போட்டால் தங்கம், கணேசனில் வரும் 'க' போட்டால் வெள்ளி. பெரியவர் கேட்டது கணேசன். நான் பதில் சொன்னது கண்ணனுக்கு.

காலையில் ஆறு மணிக்கு மறுபடி போனேன். இரவோடு இரவாக ஆண், பெண் பக்கங்களை மாற்றிவிடுகிறார்கள், எல்லோருக்கும் இரண்டு தொட்டியும் கிடைக்கட்டும் என்று. தூக்கக் கலக்கத்தில் நேற்றைய வாசலுக்கே போயிருப்பேன். திரை சிவப்பாக இருந்ததால் பிழைத்தேன். உள்ளே அதே பெரியவர். என் இடுப்பைப் பார்த்தார். ஒரு நொடி அமைதி. பிறகு தண்ணீரைக் கையால் தட்டித் தட்டிச் சிரித்தார். "கின்!" என்றார், இந்த முறை தொண்டையிலிருந்து, தெளிவாக. "ஹாய், கின்", ஆமாம், வெள்ளிதான் என்று நானும் தலைகுனிந்து ஒத்துக்கொண்டேன்.

நகாய்-சானிடம் மெட்டியைக் காட்டியதும் ஒரு வார்த்தை பேசவில்லை. போனார், ஒரு கிண்ணம், அலுமினியத் தாள், சமையல் சோடாவோடு வந்தார். தாளைக் கிண்ணத்தில் விரித்து, சோடாவைப் போட்டு, சுடச்சுட வெந்நீர் ஊற்றினார். வெள்ளி அந்தத் தாளில் படவேண்டுமாம். மெட்டியை உள்ளே போட்டதும் மறுபடி அந்த முட்டை வாடை. இரண்டு மூன்று நிமிடத்தில் பளிச்சென்று வந்துவிட்டது. அப்புறம் என்னைப் பார்த்தார். நான் திரும்பி நின்று, சின்ன வயதிலிருந்து ஒருநாளும் கழற்றாத கொடியின் திருகைப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன்.

அன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பனி, பலகையால் ஆற்றுவது, பெரியவர், கிண்ணம், எல்லாம். அம்மணமாகக் குளித்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"கழட்டினியா?" என்றார்.

"அஞ்சு நிமிஷம்தாம்மா."