கருங்கரடிக்கு வெடிமருந்து குறைத்த தோட்டா போதுமா?

வடகரை:
ஒன்ராறியோவில் இரை வைத்துக் கருங்கரடிக்காகப் பரணில் காத்திருப்பவருக்கு, கரடி வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் ஐம்பது மீட்டருக்குள்தான் இருக்கும். அந்தத் தூரத்துக்கு .30-06 துப்பாக்கியின் முழு மருந்து வேண்டியதில்லை என்பது என் கருத்து. 1895-இல் வெளிவந்த .30-30 தோட்டா, 170 கிரெயின் (சுமார் 11 கிராம்) குண்டை நொடிக்குச் சுமார் 670 மீட்டர் வேகத்தில்தான் செலுத்துகிறது. அதனால் வீழ்ந்த கருங்கரடிகளுக்குக் கணக்கில்லை. என் துப்பாக்கியிலும் மருந்தைக் குறைத்து அதே வேகத்துக்கு இறக்கினால், தோளில் விழும் உதைப்பும் குறையும், விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கமும் போகும்.

இரும்புமலை:
வேகத்தைச் சொன்ன நீங்கள் எந்த வகைக் குண்டு என்று சொல்லவில்லை. வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கரடியின் அடர்ந்த மயிரும் கொழுப்பும் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்வதால், குண்டு மறுபக்கம் துளைத்து வெளியேறாவிட்டால் தடம் பார்த்துத் தேடுவது பெரும்பாடு. அமெரிக்க வேட்டைக்காரர் ஜான் நோஸ்லர் 1946-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு அப்பிய மூஸ் என்ற பெரிய மான் ஒன்றைச் சுட்டபோது, அவருடைய குண்டுகள் ஆழம் செல்லாமல் போனதால்தான், நடுவே தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டை அவர் உருவாக்கினார். உறுதியான குண்டு, முழு மருந்து என்பதே என் முறை.

வடகரை:
நீங்கள் சொன்ன உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. அன்று அவர் கையில் இருந்தது .300 எச் அண்ட் எச் மேக்னம் என்ற அதிக வேகத் தோட்டாவுக்கான துப்பாக்கி. சாதாரண ஈயக் குண்டை உடைத்தது அந்த மிகை வேகமே; அதே வகைக் குண்டு குறைந்த வேகத்தில் சிதறாமல் உள்ளே போயிருக்கும்.

இரும்புமலை:
ஈயத்துக்கு அது பொருந்தும் என்பதை ஏற்கிறேன். ஆனால் இன்று பலர் முழுச் செம்புக் குண்டு வாங்குகிறார்கள். அவற்றில் பல, நொடிக்கு 550 முதல் 600 மீட்டர் வேகமாவது இல்லையென்றால் முனை விரிந்து சரியாக மலர்வதில்லை. ஊசி குத்தியதுபோல் துளைத்துவிட்டுப் போய்விடும். மேக்னம் வேகத்துக்கென்று கட்டிய தடித்த உறைக் குண்டுக்கும் இதே சிக்கல் உண்டு. இன்னொன்று, மெதுவாக எரியும் மருந்தை மனம்போன போக்கில் குறைப்பது ஆபத்து. துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் அழுத்தம் தாறுமாறாக எகிறக்கூடும். எச்4895 போன்ற மருந்தைக் கையேட்டில் உள்ள உச்ச அளவின் 60 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் குறைக்கலாம் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். எல்லா மருந்துக்கும் அந்தச் சலுகை கிடையாது.

கோடியாக்வாசி:
அலாஸ்காவின் பழுப்புக் கரடிக்கு இந்தப் பேச்சை யாரும் நீட்டிவிட வேண்டாம். பளபளப்பான புது மேக்னத்தைக் கொண்டுவந்து குறி தவறுபவரைவிட, நன்றாகச் சுடப் பழகிய .270 அல்லது .30-06 உடன் வருபவரையே அனுபவமுள்ள வழிகாட்டிகள் விரும்புவதாக இங்குள்ள மீன், வேட்டைத் துறையே எழுதியிருக்கிறது. அதற்காக மருந்தைக் குறைக்கலாம் என்று பொருளில்லை. இங்கே உறுதியாகக் கட்டிய 200 கிரெயின் குண்டும் முழு மருந்தும்தான் என் தேர்வு. உதைப்புக்கு அஞ்சுபவர் எடை கூடிய துப்பாக்கியையும் தடித்த ரப்பர் அடிக்கட்டையையும் பார்க்கட்டும்.

வடகரை:
என் கேள்வி கருங்கரடியைப் பற்றியது மட்டுமே. .30-30 வேகத்துக்கென்றே செய்த மென்முனை ஈயக் குண்டுகளை, கையேட்டில் உள்ள அளவின்படியே கெட்டித்து, ஐம்பது மீட்டரில் நனைத்த செய்தித்தாள் கட்டில் சுட்டுப் பார்த்துவிட்டு, எவ்வளவு ஆழம் போயிற்று, எவ்வளவு மலர்ந்தது என்று அளந்து எழுதுகிறேன்.

இரும்புமலை:
தாள்கட்டுக்கு முன்னால் ஒரு மாட்டுத் தோள் எலும்பையும் கட்டி வையுங்கள். அதைத் தாண்டியும் ஆழம் போனால் என் ஆட்சேபத்தை விலக்கிக்கொள்கிறேன்.