வுர்லிட்சர் 200ஏ மின்சாரப் பியானோ: ஒரு சுரம் மட்டும் இறங்குகிறது

கேள்வி: நடு சி-க்கு மேலுள்ள எஃப் மட்டும் வாசிக்க வாசிக்கச் சுருதி இறங்குகிறது, கரகரப்பும் உண்டு. ரீட் (சுத்தியல் தட்டும்போது அதிர்ந்து ஒலி தரும் உலோகப் பட்டை) நுனியில் இருக்கும் ஈயத்தை அராவினால் சரியாகுமா?

பதில்: முதலில் அரத்தைக் கீழே வையுங்கள்! ஈயம் உதிர்ந்தால் சுருதி ஏறத்தான் செய்யும். தானாக இறங்குகிறது என்றால் ரீடில் விரிசல் விட்டிருக்கும். அராவினால் கொஞ்ச நாள் சுருதி நிற்கும், அப்புறம் ஒடிந்துவிடும்.

இன்னொரு பதில்: கரகரப்புக்கு ரீடுக்கும், அதன் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்புக்கும் நடுவே இருக்கும் தூசியும் காரணமாகலாம். அங்கே சுமார் 150 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிந்த பிறகே கை வையுங்கள்.

கேட்டவர்: கழற்றிப் பார்த்தேன், விரிசலேதான். பக்கத்து ரீடைப் போடலாமா?

பதில்: வேண்டாம். அதே எண்ணுள்ள புது ரீட் வாங்குங்கள். அதில் ஈயம் கூடுதலாகவே இருக்கும். அராவும் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளலாம்.