கம்போங் பாரு மரவீடுகள்: பெயர்த்தெடுப்பதா, இருந்த இடத்திலேயே காப்பதா?

இளவேனில்: கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் கம்போங் பாருவில் மலாய் மரவீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. அவற்றைக் கழற்றி வேறிடத்தில் நிறுத்துவதே வழி என்பது என் கருத்து. தூணில் துளையிட்டு, உத்திரத்தைச் செருகி, ஆப்பு அடித்து இறுக்கும் முறையில் கட்டப்பட்டவை என்பதால், ஆப்பைத் தட்டி எடுத்தால் மரம் சேதமின்றிப் பிரிந்துவிடும். கெடா மாநிலத்தில் சிதைந்துகொண்டிருந்த பெங்ஹுலு (ஊர்த் தலைவர்) அபு செமான் வீட்டை 1990களின் நடுவில் 'பாடான் வாரிசான் மலேசியா' என்னும் மரபுக் காப்பு அமைப்பு அப்படித்தான் கழற்றி, கோலாலம்பூர் ஜாலான் ஸ்தோனோரில் மீண்டும் எழுப்பியது. அங்கேயே விட்டிருந்தால் இன்று அது மிஞ்சியிருக்குமா?

நன்மாறன்: மரம் மிஞ்சியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செராம்பி எனப்படும் முன்திண்ணை, தெருவில் போகிறவரை அழைத்து உட்கார வைப்பதற்காகக் கட்டப்பட்டது. அழைப்பதற்கு அண்டை வீட்டார் இல்லாத இடத்தில் அது வெறும் பலகைதான். தூண்மேல் உயர்த்திய தரையும், சுவரின் மேற்பகுதியில் செதுக்கிய துளைகளும் காற்றை உள்ளே இழுப்பதற்காக அமைந்தவை. நாற்புறமும் கான்கிரீட் எழுந்தால் அவை எதற்கு? மலாக்கா ஆற்றங்கரையில் கம்போங் மோர்தனைப் பாருங்கள். சுற்றிலும் நகரம் வளர்ந்த பிறகும் அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். அங்குள்ள பழைய மலாய் வீடான வில்லா செந்தோசாவுக்குள் விருந்தினரை அழைத்துச் செல்பவர்கள் அந்த வீட்டுக் குடும்பத்தினரே.

பரிதி: நன்மாறன் ஐயா, கம்போங் மோர்தனை இங்கே ஒப்பிடுவது பொருந்தாது. ஆங்கிலேயர் ஆட்சியில் மலாய் விவசாயக் குடியிருப்பாகத் தொடங்கிய கம்போங் பாருவில், நிலம் தலைமுறை தலைமுறையாக வாரிசுகளிடையே பங்காகி வந்திருக்கிறது. என் நண்பரின் பாட்டி வீட்டில் மழைக்காலத்தில் கூடத்தில் மூன்று வாளிகள் வைத்திருப்பார்கள். படிக்கட்டின் கடைசிப் படியைக் கறையான் அரித்துவிட்டதால் அதைத் தாண்டித்தான் ஏற வேண்டும். கூரையை மாற்றப் பணம் இருந்தும், எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் கிடைக்கவில்லை. 2011இல் கம்போங் பாருவுக்கெனத் தனி மேம்பாட்டுக் கழகச் சட்டம் இயற்றப்பட்டதற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம். இதைத் தீர்க்காமல் வீட்டைக் கழற்றவும் முடியாது, காக்கவும் முடியாது.

நன்மாறன்: அப்படியானால் அரசு முதலில் பணம் ஒதுக்க வேண்டியது கூரைப் பழுதுக்கே, பங்காளிகளில் பெரும்பான்மையினர் சம்மதித்தால் போதும் என்று விதி வரட்டும்.

இளவேனில்: பழுதுபார்ப்பதற்கு அந்த விதியை நானும் ஏற்கிறேன். அதே பெரும்பான்மை நிலத்தை விற்க முடிவெடுக்கும் நாளில், அந்த வீட்டைக் கழற்றி எடுக்க எனக்கு அவகாசம் கொடுங்கள். நான் கேட்பது அவ்வளவே.