பி பிளாக் குடும்பங்கள், ஊட்டி (வாட்ஸ்அப் குழு)

முருகேசன் (வருவாய்): அனைவருக்கும் வணக்கம். காலாண்டு விடுமுறையில் ஒரு நாள் பிள்ளைகளை நம் ஆபீஸ்களுக்குக் கூட்டிப்போவது என்று சங்கத்தில் பேசினோம். துறைகளுக்குக் கடிதம் தயார். நாள் மட்டும் போட வேண்டும். இன்று மாலைக்குள் சொல்லுங்கள்.

ஜோசப் (தீயணைப்பு): சனி?

கலா (கருவூலம்): சனிக்கிழமை யார் இருப்பார்கள்? பூட்டைக் காட்டவா?

மணி (மின்வாரியம்): எங்களுக்குச் சனியும் உண்டு, ஞாயிறும் உண்டு. காற்றடித்தால் ராத்திரியும் உண்டு.

முருகேசன் (வருவாய்): திங்களும் வேண்டாம். மனு நாள். கூட்டத்தில் பிள்ளைகளைத் தேட முடியாது.

பானு (செவிலியர்): ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வைத்தால்? எப்படியும் பொரிக்கு வருவார்கள்.

ஜோசப் (தீயணைப்பு): சூப்பர். வண்டிக்கு மாலை போட்டு நிறுத்தியிருப்போம்.

கலா (கருவூலம்): அன்றைக்கு யார் வேலை செய்கிறோம்? என் பெண் ஏற்கெனவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அம்மா ஆபீஸில் பூசணிக்காய் உடைப்பார்கள், சுண்டல் தருவார்கள். அவ்வளவுதான். மாசக் கடைசியில் சம்பள பில் வந்து குவிகிற நாளில் வந்து பார்க்கட்டும்.

பானு (செவிலியர்): மாசக் கடைசியில் நீங்களே வீட்டில் பேசுவதில்லை என்று அண்ணன் சொன்னார் 😄

கலா (கருவூலம்): அவர் சொல்வார்.

ராமலிங்கம் (நந்தினி அப்பா): அனைவருக்கும் காலை வணக்கம். நான் ஓய்வு பெற்றவன், குறுக்கே பேசக் கூடாது. இருந்தாலும் சொல்கிறேன். முதலில் காட்ட வேண்டியது சர்வே பிரிவு. மேசையும் கம்ப்யூட்டரும் எல்லா ஆபீஸிலும் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கையில் இரும்புச் செயின். 66 அடி, 100 லிங்க். அகலம் ஒரு செயின், நீளம் பத்து செயின் என்றால் சரியாக ஒரு ஏக்கர். கிரிக்கெட் ஆடுகிற பையன்களைக் கேளுங்கள், ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் எத்தனை கெஜம்? 22. அதுவும் 66 அடி, ஒரு செயின்தான். சரிவில் செயினைத் தரையோடு போட்டால் அளவு கூடிவிடும். மட்டமாகப் பிடித்துப் படிப்படியாக இறங்க வேண்டும். தேயிலைச் சரிவை மழையில் அளந்தவனுக்குத்தான் அது தெரியும். இப்போது மெஷின் வந்துவிட்டது. அட்டைக்கடி மட்டும் மாறவில்லை. (தொடரும்)

மணி (மின்வாரியம்): 👍

ஜோசப் (தீயணைப்பு): தொடருமா?

கலா (கருவூலம்): நாங்கள் அனுபவித்துவிட்டோம் சார். காரட் பாத்தி.

ராமலிங்கம் (நந்தினி அப்பா): அந்தப் பாத்தி அரை அடி உள்ளே வந்திருந்தது. அளந்ததைச் சொன்னேன்.

கலா (கருவூலம்): யாருக்கு உள்ளே?

நந்தினி (தோட்டக்கலை): அப்பா. குழுவில் வேண்டாம்.

பானு (செவிலியர்): அமெரிக்காவில் என் தம்பி ஆபீஸில் இப்படி ஒரு நாள் இருக்கிறதாம். ஏப்ரல் நான்காவது வியாழன். 1993இல் பெண் பிள்ளைகளுக்கு என்று ஆரம்பித்தார்களாம். 2003இல்தான் பையன்களையும் சேர்த்தார்கள்.

நந்தினி (தோட்டக்கலை): ஏப்ரலா! மலர்க் கண்காட்சி வேலையில் நான் சாப்பிடவே வருவதில்லை.

பானு (செவிலியர்): தகவல்தான் சொன்னேன்.

மணி (மின்வாரியம்): பைக்காரா பவர் ஹவுஸ் காட்டலாம். 1932இல் ஓட ஆரம்பித்தது. பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

ஜோசப் (தீயணைப்பு): அது சிங்காராவில் அல்லவா? கல்லட்டி வழி. 36 கொண்டை ஊசி.

பானு (செவிலியர்): என் மகன் ஆறாவது வளைவிலேயே வாந்தி எடுப்பான். வேண்டாம்.

மணி (மின்வாரியம்): அனுமதியும் மேலிடத்தில் வாங்க வேண்டும். சரி, சப் ஸ்டேஷன்.

ஜோசப் (தீயணைப்பு): குன்னூர் லோகோ ஷெட்? நீராவி இன்ஜின், பல்சக்கரம் எல்லாம் பார்க்கலாம்.

முருகேசன் (வருவாய்): அது ரயில்வே. நம் பிள்ளைகளின் பெற்றோர் யாரும் அங்கே இல்லை. பெற்றோர் வேலை செய்கிற இடம் என்பதுதான் பேச்சு.

பானு (செவிலியர்): முருகேசன் சார், நான் பானு மகன் கவின். மழைக்கு லீவு விடுகிற ஆபீஸைக் காட்டுவீர்களா?

முருகேசன் (வருவாய்): கண்டிப்பாக கவின். லீவு சொல்வது கலெக்டர். அதற்கு முன்னால் காலை 8:30க்கு மழைமானியைப் பார்த்து எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். ராத்திரி எங்கே மண் சரிந்தது, எங்கே மரம் விழுந்தது என்று 1077க்குப் போன் வந்துகொண்டே இருக்கும். அந்த அறையையும் காட்டுகிறேன்.

பானு (செவிலியர்): போனைப் பிடுங்கிவிட்டேன், மன்னிக்கவும்.

ராமலிங்கம் (நந்தினி அப்பா): ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். இதையும் சொல்லிக் கொடுங்கள்.

மல்லிகா (தோட்டம்): சார் பட்டியலில் பிரியா பேர் இல்லை. ஏழாவது படிக்கிறாள்.

*முருகேசன் (வருவாய்) அனுப்பிய செய்தி நீக்கப்பட்டது*

நந்தினி (தோட்டக்கலை): நீக்குவதற்கு முன்னால் படித்துவிட்டேன் முருகேசன் சார். "நிரந்தரப் பணியாளர் பிள்ளைகள் மட்டும்" என்று யார் முடிவு செய்தது?

முருகேசன் (வருவாய்): யாரும் செய்யவில்லை. பொங்கல் விளையாட்டுக்குப் போட்ட பழைய பட்டியலைத்தான் எடுத்தேன். துறைக் கடிதத்தில் ஊழியர் எண் கேட்பார்கள், தினக்கூலிக்கு அது கிடையாது. அதுதான் சிக்கல்.

நந்தினி (தோட்டக்கலை): தோட்டத்தில் பிள்ளைகளுக்கு நான் எதைக் காட்டுவேன்? என் கோப்பையா? நாற்று விட்டு, தொட்டி நிரப்பி, மாடத்தில் அடுக்குவது எல்லாம் மல்லிகா அக்காவும் அவர்களோடு இருப்பவர்களும்தான்.

ஜோசப் (தீயணைப்பு): ஊழியர் எண்ணுக்கு ஒரு கோடு போடுங்கள் சார்.

முருகேசன் (வருவாய்): கோடு போட்டால் கடிதம் திரும்பி வரும்.

கலா (கருவூலம்): பொங்கல் என்றதும் ஞாபகம் வந்தது. அந்தக் கணக்கு இன்னும் வரவில்லை. வீட்டுக்கு 300 கொடுத்தோம்.

மணி (மின்வாரியம்): ஆமாம், கயிறு இழுக்கும் கயிறு யார் வீட்டில்?

ஜோசப் (தீயணைப்பு): கயிறு ஸ்டேஷனுடையது. திரும்பி வந்துவிட்டது.

முருகேசன் (வருவாய்): கணக்கு நோட்டில் இருக்கிறது. நேரில் காட்டுகிறேன்.

கலா (கருவூலம்): போட்டோ எடுத்துப் போடலாமே.

மல்லிகா (தோட்டம்): அப்போ பிரியா வரலாமா

நந்தினி (தோட்டக்கலை): வருகிறாள் அக்கா. எங்கள் துறைக் கடிதத்தை நான் எழுதி வாங்குகிறேன்.

முருகேசன் (வருவாய்): அப்படியானால் தோட்டத்துக்கு மட்டும் வரலாம். மற்ற ஆபீஸ்களுக்குக் கேட்டுச் சொல்கிறேன்.

நந்தினி (தோட்டக்கலை): எல்லாவற்றுக்கும் கேளுங்கள்.

பானு (செவிலியர்): மருத்துவமனை உள்ளே கூட்டிப்போக வேண்டாம். இருமல் சீசன். தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டியை வெளியிலிருந்து காட்டிவிடலாம். அப்புறம், தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் மட்டும். பிளாஸ்டிக் கொண்டுவந்து நம் பிள்ளைகளே மாட்டிக்கொள்ளக் கூடாது.

முருகேசன் (வருவாய்): சரி, புதனா வியாழனா?

கலா (கருவூலம்): புதன்.

ஜோசப் (தீயணைப்பு): வியாழன். புதன் எனக்கு டூட்டி இல்லை.

மணி (மின்வாரியம்): கேட் பக்கம் காட்டுமாடு நிற்கிறது, இரண்டு. பால் வாங்கப் போனவர்கள் கடையிலேயே இருங்கள்.

பானு (செவிலியர்): ஐயோ, இவர் கீழேதான் போனார்.

ராமலிங்கம் (நந்தினி அப்பா): நான் கடையில்தான் இருக்கிறேன். பானு வீட்டுக்காரரும் இங்கேதான். பிள்ளைகள் வருகிற அன்றைக்குச் செயினை நான் கொண்டுவருகிறேன். என்னிடம் ஒன்று இருக்கிறது.

நந்தினி (தோட்டக்கலை): நம் வீட்டில் எங்கே இருக்கிறது?!

முருகேசன் (வருவாய்): வேன் முன்பணம் 1,500. யார் தருகிறீர்கள்? பிறகு கழித்துக்கொள்ளலாம்.

கலா (கருவூலம்): கரண்ட் போய்விட்டதா, எங்களுக்கு மட்டுமா?

ஜோசப் (தீயணைப்பு): இங்கேயும்.

மணி (மின்வாரியம்): லைனில் மரம். ஆள் போயிருக்கிறது. இரண்டு மணி ஆகும். தனித்தனியாகப் போன் செய்யாதீர்கள்.