சுவிட்ச் போட்டதும் ஓடி வருவது யார்?

வயர்மேன்: முப்பது வருஷமாக வயரிங் செய்கிறேன். சுவிட்சைத் தட்டின கணமே விளக்கு எரிகிறது. எலக்ட்ரான் நத்தையைவிட மெதுவாகத்தான் நகரும் என்று மகனுக்கு டியூஷனில் சொல்கிறார்களாம். எந்த ஊர்க் கணக்கு இது?

கடைசிபெஞ்ச்: கணக்கு சரிதான் அண்ணே. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் டிசி, அதாவது ஒரே திசையில் போகும் மின்சாரம், ஓடினால் எலக்ட்ரான் நொடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர் நகரும். ஒரு மீட்டர் தாண்ட ஏறக்குறைய 4 மணி நேரம். நம் வீட்டுக்கு வருவது 50 ஹெர்ட்ஸ் ஏசி, திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். அதில் அதுகூட இல்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும்.

வயர்மேன்: குழாயில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால் திறந்ததும் கொட்டாதா? ஒன்றை ஒன்று தள்ளுகிறது, அவ்வளவுதான்.

கடைசிபெஞ்ச்: பாதி சரி. வெறும் தள்ளல் என்றால் வேகத்தைச் செம்புதானே முடிவு செய்ய வேண்டும்? அதே செம்பு, பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் நிரப்பிய கேபிளில் சிக்னல் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். காற்றில் இரண்டு வெற்றுக் கம்பிகளாக இழுத்துக் கட்டினால் கிட்டத்தட்ட 3 லட்சம், அதாவது ஒளி வேகம். மாறியது செம்பைச் சுற்றியிருப்பது மட்டும். ஆற்றல் போவது கம்பியைச் சுற்றிய மின்காந்தப் புலத்தில். 1884லேயே ஆங்கிலேய இயற்பியலாளர் பாய்ண்டிங் இதைக் கணக்கோடு காட்டிவிட்டார்.

வயர்மேன்: அப்போது கம்பி எதற்கு? கழற்றிவிட்டு எரியவையுங்கள் பார்ப்போம்.

கடைசிபெஞ்ச்: தண்டவாளம் இல்லாமல் ரயில் ஓடாது. அதற்காகத் தண்டவாளமா சரக்கைச் சுமக்கிறது?

தந்திக்கிழவர்: இந்தச் சண்டை பழசு. 1858ல் அட்லாண்டிக் கடலடித் தந்தியில் விக்டோரியா ராணியின் 98 சொல் செய்தி போய்ச்சேர 16 மணி நேரம் ஆனது. கேபிளின் காப்புறை மின்னூட்டத்தைத் தேக்கி சிக்னலை இழுத்துத் தாமதப்படுத்தும் என்று இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) முன்பே எச்சரித்திருந்தார். கேபிள் கம்பெனியின் தலைமை எலக்ட்ரீஷியன் வைட்ஹவுஸ் கேட்கவில்லை. மின்னழுத்தம் போதவில்லை என்று 2000 வோல்ட் வரை ஏற்றினார். சில வாரங்களில் கேபிளே செத்தது.

வயர்மேன்: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆற்றல் வெளியே போகிறது என்றால் மெல்லிய கம்பி ஏன் சுடுகிறது? ஏர் கண்டிஷனருக்கு 1 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டு உருகிப்போன வயரை நானே பிடுங்கியிருக்கிறேன்.

கடைசிபெஞ்ச்: நல்ல கேள்வி. போகிற ஆற்றலில் ஒரு சிறு பங்கு பக்கவாட்டில் கம்பிக்குள்ளேயே நுழைகிறது. அதை வாங்கிக்கொண்ட எலக்ட்ரான்கள் செம்பு அணுக்களோடு மோதிச் சூடாக்குகின்றன. மெல்லிய கம்பிக்கு மின்தடை அதிகம், அந்தப் பங்கும் அதிகம். நீங்கள் பிடுங்கிய வயரில் அதுதான் நடந்திருக்கிறது.