மறு: கார் நின்றதும் எஞ்சின் தானே அணையும் வசதி – ‘தன்னோய்வு’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கார் நின்றதும் எஞ்சின் தானே அணைந்து, கிளட்சை மிதித்ததும் மீண்டும் கிளம்பும் வசதியை ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட்-ஸ்டாப்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘தானியங்கி எஞ்சின் நிறுத்த-தொடக்க அமைப்பு’ எனலாம் என்று இங்கே வந்த பரிந்துரையைப் படித்தேன். பொருளில் பிழையே இல்லை. ஆனால் இந்த வசதி வேண்டாம் என்பவர் அழுத்தும் பொத்தானுக்கு என்ன பெயர் எழுதுவது? ‘நிறுத்த-தொடக்கத்தை நிறுத்து’ என்று எழுதினால், எஞ்சினையே நிறுத்தச் சொல்கிறார்கள் என்றுதான் ஓட்டுபவர் எடுத்துக்கொள்வார். வசதிக்கு ஒரு சொல், அதை வேண்டாம் என்று வைப்பதற்கு வேறு வேரில் பிறந்த ஒரு வினை, இரண்டையும் சேர்த்தே தேட வேண்டும்.

இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரத்துக்கு வாடகைக் கார் ஓட்டுபவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மண்டபம் சாலையில் ரயில்வே கேட் மூடியிருக்கிறது. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கிளட்சிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் அணைகிறது. ஏசியின் விசிறி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்ரெசரோ பெரும்பாலான கார்களில் எஞ்சினின் பெல்ட்டால் சுழல்வது, அதுவும் நின்றுவிடும். சித்திரை வெயிலும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து, சற்று நேரத்தில் உள்ளே வெறும் புழுக்கக் காற்று வீசும். சூடு கூடிவிட்டதைக் கார் உணர்ந்ததும், யாரும் கிளட்சைத் தொடாமலேயே எஞ்சின் மறுபடி கிளம்பிவிடும். நெடுநேரம் மூடிய கேட்டில் இது எரிபொருளை மிச்சப்படுத்துகிறது, மறுக்கவில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தம் போகும் வண்டிகள் பாம்பன் சாலைப் பாலத்தில் ஊர்ந்து நகரும்போது, பத்தடிக்கு ஒரு தரம் அணைவதும் கிளம்புவதுமாக இருந்தால் பின்னால் அமர்ந்திருக்கும் முதியவர்கள் என்ன பாடுபடுவார்கள்? அதனால் வண்டியைக் கிளப்பியதுமே பலர் அந்தப் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள்: வட்டமாக வளைந்த அம்புக்குறி, நடுவில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து, ஓரத்தில் சிறு விளக்கு.

‘தன்னணைவு’ என்று முதலில் எண்ணிப் பார்த்தேன். விளக்கு அணைவதுபோல எஞ்சின் அணைகிறது, பொருத்தம்தான். ஆனால் வேதியியல் பாடநூல்களில் ‘அணைவுச் சேர்மம்’ ஏற்கெனவே ஊன்றிவிட்டது. தழுவுதல் என்ற பொருளும் குறுக்கே வருகிறது. விட்டுவிட்டேன்.

‘தன்னோய்வு’ என்பதே என் முன்மொழிவு. மழை ஓய்கிறது, காற்று ஓய்கிறது. மறுபடி வரும் என்று தெரிந்தே சொல்கிறோம். ‘அலை ஓய்ந்து கடலாடுவது எப்போது’ என்ற பழமொழியில் இருப்பதும் இந்த ஓய்தல்தான். மீண்டும் கிளம்புவது சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், ‘தொடக்கம்’ என்று தனியே ஒட்ட வேண்டியதில்லை. ‘விருப்ப ஓய்வு’ நினைவுக்கு வருமே என்று சிலர் தயங்கலாம். காருக்குள் பொத்தானில் அந்தச் சொல்லைப் பார்க்கும் யாருக்கும் அலுவலகம் நினைவுக்கு வராது என்று நம்புகிறேன். எஞ்சின் என்பதைச் சொல்லில் சேர்க்காதது வேண்டுமென்றேதான். 2014-இல் வந்த ஹீரோ ஸ்பிளெண்டர் ஐஸ்மார்ட் பைக்கிலேயே இந்த வசதி இருந்தது. சொல் இருசக்கர வண்டிக்கும் ஒத்துவர வேண்டும். பேட்டரி கடையிலும் உதவும். அடிக்கடி கிளப்புவதைத் தாங்கும் தனி வகை பேட்டரி இந்தக் கார்களுக்குத் தேவை. ‘தன்னோய்வு பேட்டரி’ என்று கேட்டு வாங்கினால் சாதாரணமானதைத் தலையில் கட்ட முடியாது.

இனி வினை. ‘நீக்கு’ கூடாது, ஏனெனில் எதுவும் நீங்குவதில்லை. பெரும்பாலான கார்களில் வண்டியை முழுதாக அணைத்து மறுபடி கிளப்பினால் வசதி தானே திரும்பி வந்துவிடும். ‘முடக்கு’ என்றால் பழுதானதுபோல் இருக்கிறது; வங்கிக் கணக்கு முடக்கத்தைத்தான் நினைவூட்டுகிறது. ‘விலக்கு’ சரியாக அமைகிறது. வரிவிலக்கு என்றால் வரியே ஒழிந்துவிடுவதில்லை, குறித்த காலத்துக்கு அல்லது குறித்தவருக்கு மட்டும் பொருந்தாது என்றுதானே பொருள்? ‘தன்னோய்வு விலக்கு’ என்றால் இந்தப் பயணத்துக்கு மட்டும் வேண்டாம் என்பது விளங்கும். எங்கள் பக்கம் பஸ்ஸில் ‘விலக்கில் இறங்கணும்’ என்றால் ஊருக்குக் கிளைச்சாலை பிரியும் இடம். அந்தப் பழக்கம் இதற்குத் தடையாகாது. பெருஞ்சாலை அங்கேயே முடிந்துவிடுவதில்லையே.

கருவித் தட்டில் (டேஷ்போர்டில்) தெரியும் நிலைகள் மூன்று. அவற்றைக் குழப்பாமல் பிரிக்கவும் இது கைகொடுக்கிறது. எஞ்சின் அணைந்து காத்திருக்கும்போது ‘ஓய்வில்’. ஓட்டுபவர் வேண்டாம் என்று வைத்திருந்தால் ‘தன்னோய்வு விலக்கு’. பேட்டரியில் மின்னூட்டம் குறைவு, எஞ்சின் இன்னும் போதிய சூடேறவில்லை, சீட் பெல்ட் கழன்றிருக்கிறது என வண்டியே மறுக்கும்போது ‘தன்னோய்வு இப்போது இல்லை’. முந்தைய பரிந்துரையில் பின்னிரண்டும் ஒன்றாகவே தெரியும். பொத்தானை அழுத்தாமலேயே வசதி ஏன் வேலை செய்யவில்லை என்று ஓட்டுநர் பணிமனைக்கு அலைய நேரும்.

இன்னொன்று. சாவி திருப்பாமல் அழுத்திக் கிளப்பும் பொத்தானுக்கும் ஆங்கிலத்தில் ஏறத்தாழ இதே பெயர்தான். அதை நாம் ‘கிளப்பு பொத்தான்’ என்று தனியே பிரித்துவிடலாம். ஓடும் வண்டியில் எதை அழுத்துகிறோம் என்பதில் ஐயம் இருக்கக் கூடாது.

கையேட்டில் இப்படி எழுதலாம்: ‘தன்னோய்வு வேண்டாமெனில், வண்டியைக் கிளப்பிய பின் விலக்குப் பொத்தானை ஒருமுறை அழுத்துக. ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் இதை மீண்டும் செய்ய வேண்டும்.’ ‘விலக்கு’ என்பதைவிடப் பொருத்தமான வினை யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். ‘தன்னோய்வு’ பற்றி எனக்கு ஐயமில்லை.